‘நான் திட்டியதால்தான் மகளுக்கு முடி கொட்டியதா?’ – ஒரு தாய்க்குப் பதில்

பின்னால் வந்து படிப்பவர்களுக்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பின்தலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் மூன்று இடங்களில் முடி உதிர்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. தோல் மருத்துவர் புழுவெட்டு என்று சொல்லிக் களிம்பு கொடுத்திருக்கிறார். இரண்டு மாதமாக வாரத்தில் இரண்டு நாளாவது வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்குப் போகாமல் அறையைச் சாத்திக்கொள்கிறாள். மாமியார் நாகதோஷம் என்கிறார். பழனியில் மொட்டை போட்டால் புதிதாக அடர்த்தியாக முளைக்கும் என்கிறார். கணவர் “முடிதானே” என்கிறார். முடி வளருமா, மொட்டை போடலாமா, பள்ளிக்கு எப்படி அனுப்புவது என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், போகிறபோக்கில் சொல்வதுபோல, “காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணுக்காக அவளை ரொம்பத் திட்டினேன், அதனால் வந்திருக்குமா?” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். மேலே உள்ள மூன்றும் அந்த ஒரு வரிக்கு முன்னுரை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தென்மாவட்ட ஊர் ஒன்றில் இருபத்துநான்கு ஆண்டுகளாகத் தோல் மருத்துவம் பார்க்கிறேன். புழுவெட்டு இல்லாமல் ஒரு வாரம் கழிவதில்லை. மனநலம் நான் படித்த படிப்பு இல்லை. பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவந்தவர்களும் கற்றுக்கொடுத்ததுதான் அந்தப் பக்கத்தில் என் கையிருப்பு. உங்கள் மகளின் தலையை நான் பார்த்ததும் இல்லை. உங்கள் மருத்துவர் சொன்ன பெயரைச் சரியென்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நீங்கள் திட்டியதால் வரவில்லை. புழுவெட்டில் புழுவும் கிடையாது, வெட்டும் கிடையாது. கிருமிகளைத் தாக்க வேண்டிய உடலின் எதிர்ப்பு அணுக்கள் ஆள் மாறி முடியின் வேர்க்காலைச் சூழ்ந்துகொள்கின்றன. நுண்ணோக்கியில் அது தேனீக்கள் மொய்ப்பதுபோலத் தெரியும் என்று எங்கள் பாடப்புத்தகங்கள் சொல்லும். உண்மையிலேயே அப்படித்தான் தெரியும். இதற்கு உடல்வாகு பிறவியிலேயே ஓரளவு அமைந்திருக்கிறது. தைராய்டு கோளாறு, ஆஸ்துமா, வெண்புள்ளி உள்ள குடும்பங்களில் கொஞ்சம் அதிகமாகப் பார்க்கிறோம். வாழ்நாளில் எப்போதாவது ஒருமுறை புழுவெட்டு வருகிறவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பேர் என்பது கணக்கு. அப்படியென்றால் உங்கள் மகளின் பள்ளியிலேயே அவளைப் போன்றவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள், அல்லது இனி இருக்கப்போகிறார்கள். இவை உறுதியானவை. அந்தத் தாக்குதலை எது தொடங்கிவைக்கிறது என்பது உறுதியாகாதது. மன அழுத்தத்துக்குப் பங்கு உண்டு என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன, தொடர்பு தெரியவில்லை என்று சொல்பவையும் இருக்கின்றன. முடி உதிர்ந்த பிறகு பின்னோக்கி யோசித்தால் எந்த வீட்டிலும் ஏதாவது ஒரு சண்டை கிடைத்துவிடும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். மதிப்பெண்ணுக்குத் திட்டினால் புழுவெட்டு வரும் என்றால் நம் மாநிலத்தில் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் தலையிலும் முடி இருக்காது.

அதற்காகத் திட்டுவது நல்லது என்று சொல்ல வரவில்லை. அது வேறு வழக்கு. ஆனால் இந்தக் குற்ற உணர்ச்சியை ஏன் முதலில் எடுத்தேன் என்றால், அது உங்களோடு நிற்காது. என் அனுபவத்தில், தன்னால்தான் வந்தது என்று நம்பும் தாய் காவல்காரியாகிவிடுகிறார். ஒரு தாய் மூன்று வாரத்து முடியைத் தேதி எழுதிய பிளாஸ்டிக் கவர்களில் போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் வரிசையாக வைத்தார். தலையணையில் விழுந்தது தனி, குளியலறைச் சல்லடையில் சேர்ந்தது தனி. “நேற்று தொண்ணூற்று மூன்று, டாக்டர். முந்தாநாள் எழுபது” என்றார். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது யாருக்கும் இயல்பு என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் தன் துப்பட்டாவின் ஓரத்து நூலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். அந்தக் கவர்களை ஒரு தடவைகூட அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் அம்மா தலையணையை நோக்கித்தான் வருவாராம், அவளை நோக்கி அல்ல. இதை அவள் பிறகு, தாய் மருந்து வாங்க வெளியே போயிருந்தபோது சொன்னாள்.

இன்னொன்று. முடி உதிர்ந்திருப்பது உங்கள் மகளின் பின்தலையில். தன் பின்தலையை யாரும் நேரில் பார்த்துவிட முடியாது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி இன்னொரு கண்ணாடியைப் பிடித்தால் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். அப்படியானால் அவள் இந்த இரண்டு மாதமாக அதை எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறாள்? உங்கள் முகத்தில். தலை வாரிவிடும்போது உங்கள் கை ஒரு நொடி நின்று போவதில், பாட்டி “ஐயோ” என்று தொடங்கி முடிக்காமல் விடுவதில், பின்வரிசைப் பெண்கள் கிசுகிசுப்பதில். என் அறையில் இது நூறு முறை நடந்திருக்கிறது: தாய் மகளின் தலையைக் குனியவைத்து, இரண்டு கையாலும் முடியை விலக்கி, “இங்கே பாருங்கள், இங்கே, இன்னொன்று இங்கே” என்று கடைக்காரரிடம் பழுதான பொருளைக் காட்டுவதுபோலக் காட்டுவார். ஆரம்ப ஆண்டுகளில் நானும் அப்படியே பார்த்து மருந்து எழுதியிருக்கிறேன். இப்போது தாயின் கையை எடுக்கச் சொல்லிவிட்டு, பிள்ளையிடம் “உன் தலையை நான் பார்க்கலாமா?” என்று கேட்கிறேன். அவள் சரி என்றால், அவளுடைய அல்லது தாயுடைய போனில் ஒரு படம் எடுத்து அவளிடமே கொடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண், உங்கள் மகள் வயதுதான், அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா? அம்மா அழுததைப் பார்த்து பாதித் தலை போய்விட்டது என்று நினைத்தேன்” என்றாள். அவளுடைய தாய் அன்று அழுத அழுகை வேறு.

படம் எல்லாருக்கும் ஆறுதல் தரும் என்று சொல்லமாட்டேன். எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்து உடைந்துபோனவர்களும் உண்டு. அதனால் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்; வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் தன் தலையைப் பற்றி வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது தனக்கு மட்டும் தெரியாமல் இருப்பது பதினான்கு வயதில் தாங்கமுடியாத ஒன்று. அந்த வயதில் ஊரே தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கும். டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967-இல் இதற்குக் ‘கற்பனைப் பார்வையாளர்கள்’ என்று பெயர் வைத்தார். முகத்தில் ஒரு பரு வந்தாலே பள்ளி முழுதும் அதைத்தான் பேசுகிறது என்று நம்புகிற வயது. புழுவெட்டு வந்த பிள்ளைக்குக் கொடுமை என்னவென்றால், அவளுடைய பார்வையாளர்கள் கற்பனை இல்லை. உண்மையாகவே பார்க்கிறார்கள். அதனால் “யாரும் உன்னைப் பார்க்கவில்லை, நீயாக நினைத்துக்கொள்கிறாய்” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பொய் என்று அவளுக்குத் தெரியும்; அடுத்து நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டாள்.

முடி வளருமா? புழுவெட்டில் வேர்க்கால் அழிவதில்லை, உறங்குகிறது. பல ஆண்டு கழித்துக்கூட முளைத்திருக்கிறது. உங்கள் மகளைப் போலச் சில இடங்களில் மட்டும் வந்தவர்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை ஓர் ஆண்டுக்குள் மருந்து இல்லாமலே முடியைத் திரும்பப் பெறுகிறார்கள். இது நல்ல செய்தி. மறுபக்கம், பலருக்கு மறுபடியும் வரும். சிறு பங்கினருக்குத் தலை முழுதும், புருவம், இமை வரை பரவும். சின்ன வயதில் தொடங்கியது, காதிலிருந்து காதுவரை பின்கழுத்து ஓரமாகப் பட்டைபோல உதிர்வது, நகத்தில் குண்டூசி குத்தியதுபோல் குழிகள் இருப்பது ஆகியவை சற்றே கவலைப்பட வேண்டிய அடையாளங்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த வழி என்று முன்கூட்டிச் சொல்ல எங்களிடம் பரிசோதனை எதுவும் இல்லை. “மூன்று மாதத்தில் உத்தரவாதமாக முளைக்கும்” என்று யாராவது சொன்னால், அவர் பெயருக்குப் பின்னால் எத்தனை பட்டம் இருந்தாலும், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து விஷயத்தில் வேகமாகப் போகிறேன், உங்கள் மருத்துவர் இருக்கிறார். ஸ்டீராய்டு களிம்பு முதல் படி. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, அவர்கள் சம்மதித்தால், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை அந்த இடத்திலேயே சிறு ஊசிகள் போடுவோம்; வலிக்கும், வலிக்காது என்று பொய் சொல்லக் கூடாது. 2023 ஜூனில் ரிட்லெசிடினிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் பன்னிரண்டு வயது நிறைந்தவர்களுக்கு அனுமதி கிடைத்தது. மூட்டுவாதத்துக்கு வந்த டோஃபாசிடினிப் என்ற அதே வகை மருந்தை நம் நாட்டிலும் இதற்கு எழுதுகிறார்கள். தலை முழுதும் உதிர்ந்த பிள்ளைகளுக்கு இவை பெரிய திருப்பம்தான். ஆனால் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கிற மருந்துகள். தொடங்குமுன் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நிறுத்தினால் பலருக்கு மறுபடி உதிர்கிறது. மூன்று நாணயத்துக்கு இந்தப் பீரங்கி வேண்டியதில்லை. நான் அதிகம் பார்த்து வருந்தியது வேறொன்று. ஒவ்வொரு புது மருந்தும் வீட்டில் ஒரு நம்பிக்கையைக் கிளப்பும். ஆறு வாரம் எல்லார் கண்ணும் அந்தப் பிள்ளையின் தலைமேல் இருக்கும். முளைக்கவில்லை என்றால் தான் தேர்வில் தோற்றதுபோல அவள் நடந்துகொள்வாள். ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் நடுவே ஒன்றும் செய்யாமல் சில மாதம் இருப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். அதை அவளே கேட்டால் மறுக்காதீர்கள்.

மாமியாரிடம் வருவோம். அவரை வில்லியாக்க எனக்கு விருப்பமில்லை. கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா இல்லையா என்று சிவனோடே வழக்காடிய பாண்டிநாட்டுக்காரன் நான். முடி நம்மிடையே வெறும் முடியாக என்றைக்கும் இருந்ததில்லை. கணவனை இழந்த பெண்ணின் தலையை மழித்த காலம் அவருடைய பாட்டியின் காலமாக இருந்திருக்கலாம். பெண்ணின் தலையில் முடி இல்லை என்றால் அவர் கண்ணில் அது அமங்கலம், அடுத்து கல்யாணக் கவலை. நாகதோஷம் என்று அவர் சொல்வதை அவர் பயத்தின் பெயர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பரிகாரம் செய்து அவர் மனம் ஆறும் என்றால் செய்யட்டும், பிள்ளையைக் கூட்டத்தின் நடுவே உட்காரவைத்துச் செய்ய வேண்டாம். சின்ன வெங்காயத்தையும் ஆற்றுத்தும்மட்டிக்காயையும் நறுக்கித் தேய்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 2002-இல் பாக்தாத் மருத்துவர்கள் வெங்காயச் சாற்றில் முடி முளைத்ததாக ஒரு சிறு ஆய்வு வெளியிட்டார்கள். அதன்பின் பெரிய அளவில் அது உறுதிப்படவில்லை. தும்மட்டிக்காய் தேய்த்துத் தோல் புண்ணாகி, சீழ் பிடித்து என்னிடம் வந்தவர்களை எண்ணி மாளாது. அதைவிட, வெங்காய வாடையோடு பள்ளிக்குப் போகிற பெண்ணுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே பாட்டிகளிடம் நான் வியந்ததும் உண்டு. “கூந்தல் உள்ள சீமாட்டி கொண்டையும் போடுவாள், அவிழ்த்தும் போடுவாள்” என்று என் அறையிலேயே பழமொழி சொல்லிப் பேத்தியை அழவைத்த ஒரு பாட்டி, அடுத்த முறை மடியில் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே அவருடைய கல்யாணத்துச் சவுரி. எண்ணெய் மணம் இன்னும் போகவில்லை. “நான் மட்டும் என்ன? பாதி என் முடி, பாதி இது. உன் தாத்தாவுக்குச் சாகிறவரை தெரியாது” என்று பேத்தியிடம் சொன்னார். அந்தப் பெண் சிரித்ததை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். விக் வைப்பது ஊரை ஏமாற்றுவது என்று கூசுகிற குடும்பங்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்: நம் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சவுரி வைத்துப் பின்னினார்கள், யாரும் அதை மோசடி என்று சொன்னதில்லை. (உங்கள் மகளுக்குச் சவுரியை இறுக்கிப் பின்ன வேண்டாம், இழுப்பில் இருக்கிற முடியும் போகும்.)

மொட்டை. மழித்தால் அடர்த்தியாக முளைக்காது. கத்தி தோலுக்கு மேலே போகிறது, வேர்க்கால் தோலுக்கு உள்ளே இருக்கிறது. மழித்த முடியின் நுனி மழுங்கலாக இருப்பதால் தடவினால் தடிப்பாகத் தோன்றும், அவ்வளவே. ஆக, மருத்துவமாக அது வீண். ஆனால் எல்லா மொட்டையும் ஒன்றல்ல. ஒரு குடும்பம் நேர்த்திக்கடன் என்று மகளிடம் கோயில் வாசலில்தான் சொல்லியிருக்கிறது. கூட்டத்தில் மறுக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் ஐந்து மாதம் தகப்பனிடம் பேசவில்லை; எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும், சொல்லும்போது குரல் கட்டிக்கொண்டது. இன்னொரு பெண், பன்னிரண்டாம் வகுப்பு, தலையில் முக்கால்பங்கு உதிர்ந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் டிரிம்மரை வாங்கிக் குளியலறைக்குள் போய்ச் சீராக மழித்துக்கொண்டு வந்து, “இனிமேல் இது தினமும் என்னைக் கேட்காமல் உதிராது” என்று சொன்னாளாம். ஒரே செயல்தான். உங்கள் மகள் தானாகக் கேட்டால், கேட்டு ஒரு வாரம் கழித்தும் அதையே சொன்னால், துணை நில்லுங்கள். மூன்று நாணயத்துக்கு அவள் கேட்கமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

“முடிதானே” என்கிற உங்கள் கணவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் தலை முழு வழுக்கை. முடியில்லாதவனிடம் முடிக்கு வைத்தியம் என்று ஊரில் என்னைக் கேலி செய்வார்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணைத் தேற்றுவதாக நினைத்து, “என்னைப் பார், எனக்கு முடியே இல்லை, நான் நன்றாகத்தானே இருக்கிறேன்?” என்றேன். அவள் நிதானமாக, “உங்களுக்கு ஐம்பது வயது, டாக்டர்” என்றாள். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு. அன்றோடு அந்த வசனத்தை விட்டேன். “முடிதானே” என்பதில் அன்பு இருக்கிறது, ஆனால் அது பேச்சை முடித்துவைக்கிற அன்பு. பிரச்சினையே இல்லை என்ற ஒருவரிடம் பிறகு எதைச் சொல்ல முடியும்? இப்படிச் சொல்கிற அப்பாக்கள்தான் சாயங்காலம் அறை காலியான பிறகு தனியாக வந்து, முடி நட்டு வைத்தால் சரியாகுமா, எவ்வளவு ஆகும், நிலத்தை விற்றாவது பார்த்துவிடலாம் என்று கேட்கிறார்கள். (நோய் நடக்கும்போது நட்டால் நட்டதும் உதிரும், அந்த யோசனை வேண்டாம்.) அந்தக் கவலையில் ஒரு பங்கை மகளுக்குத் தெரியும்படி வைத்தால்கூடப் போதும். “எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது என்று தெரியவில்லை” என்று ஒரு தகப்பன் சொல்வதை மகள்கள் மறப்பதில்லை.

வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், அவர்களையும் கொஞ்சம் பாருங்கள். அக்காவின் தலையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டளை போட்ட வீட்டில், சண்டை முற்றிய ஒரு நிமிடத்தில் தம்பி “மொட்டை” என்று கத்திவிட்டான். அடியும் வாங்கினான். அவனை ஆறு மாதமாக யாரும் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. பையன்களுக்கே புழுவெட்டு வந்தால், “ஆண்பிள்ளைதானே” என்று யாரும் கண்டுகொள்வதே இல்லை. வகுப்பிலும் தொப்பியைக் கழற்றாமல் அதற்காகத் தினமும் வெளியே நிற்கிற பையன்கள் எத்தனையோ பேர். காரணத்தை ஆசிரியரிடம் சொல்ல அவர்களுக்கு நாக்கு வராது.

பள்ளி. நம் பள்ளிகளில் இரட்டைச் சடை கட்டாயம். நடு உச்சியிலிருந்து பிடரிவரை வகிடு எடுத்து இரண்டாகப் பிரித்து, மடித்து, ரிப்பன் கட்டுவார்கள். பின்தலையில் புழுவெட்டு உள்ள பெண்ணுக்கு அந்த வகிடு எங்கே போகிறது என்று யோசித்தீர்களா? சரியாக அதன் நடுவே. காலை ஏழரை மணி வயிற்றுவலி அங்கேதான் பிறக்கிறது என்று நான் பந்தயம் கட்டுவேன். உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். இது தொற்றாது, தளர்வான ஒற்றைச் சடைக்கும் வேண்டும்போது தலைத்துணிக்கும் அனுமதி வேண்டும், அதை யாரும் எடுக்கச் சொல்லக் கூடாது என்று நான்கு வரி போதும். தலைமை ஆசிரியரை நீங்கள் தனியாகப் போய்ப் பாருங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவிக்க வேண்டாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஒரு பள்ளியில் நல்லெண்ணத்தோடுதான் மேடையில் ஏற்றி, “இந்தத் தங்கையிடம் எல்லாரும் அன்பாக இருங்கள்” என்றார்கள். அந்தத் தங்கை அதோடு பள்ளி மாறினாள். யாருக்குச் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை மகளே முடிவு செய்யட்டும். கேட்கிறவர்களுக்குச் சொல்ல அவள் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தால் நல்லது. “புழுவெட்டு, ஒட்டாது, மருந்து போடுகிறேன்” என்று என்னிடம் வந்த ஒரு பெண் வைத்திருந்தாள். கண்ணாடி முன் இருபது முறை சொல்லிப் பார்த்தாளாம். விடுப்பை மட்டும் நீளவிடாதீர்கள். தவறுகிற ஒவ்வொரு நாளும் அடுத்த நாளைக் கடினமாக்கும். முழுநாள் முடியாவிட்டால் பிடித்த பாடவேளை வரை போய் வரட்டும்.

இனிச் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழ் வகுப்பில், முடி உதிர்ந்தால் உயிரை விட்டுவிடும் என்று குறள் சொல்லும் கவரிமாவைப் பற்றி ஆசிரியை விளக்கியபோது வகுப்பே திரும்பித் தன்னைப் பார்த்தது என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்படி உனக்கும் தோன்றியிருக்கிறதா?” என்று கேட்டேன். சற்று நேரம் கழித்துத் தலையாட்டினாள். முடி உதிர்கிற நோயுள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. சாகத் தோன்றுகிறதா என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் பெற்றோரிடம் இருக்கிறது. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. நேரடியாகக் கேளுங்கள். சாப்பாடு குறைவது, இரவெல்லாம் விழித்திருப்பது, நெருங்கிய தோழியிடமும் பேசாமல் போவது, பிடித்ததை எல்லாம் விட்டுவிடுவது இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். நீங்களும் பேசலாம், மகளுக்காக மட்டும் இல்லை. சாகத் தோன்றுகிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று அவள் சொன்னால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும், தனியாக விடக் கூடாது.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த இடம் நீங்கள் எழுதியதுபோல் வழவழப்பாக இருந்தால் புழுவெட்டுக்குப் பொருந்துகிறது. அங்கே வெவ்வேறு நீளத்தில் ஒடிந்த முடிகள் சொரசொரவென்று இருந்தால், பிள்ளை தன்னையறியாமல் பிடுங்குகிறாளா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து முதல் பதின்மூன்று வயதில் தொடங்குகிற பழக்கம் அது. சேட்டையும் இல்லை, பிடிவாதமும் இல்லை. பிடுங்காதே என்று கையில் அடித்தால் ஒளிந்து பிடுங்குவார்கள். அதற்கென்று பழக்கத்தை மாற்றும் பயிற்சி இருக்கிறது, நன்றாகவே பலன் தருகிறது. அரிப்பும் செதிலும் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அது தொற்றும், மாத்திரையில் குணமாகும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவள் கேட்க நினைப்பதை அவளே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளட்டும், நீங்கள் படித்துப் பார்க்காமல். பாதி நேரமாவது அவள் தனியாகப் பேசட்டும். இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் மறுபடி பதறிக்கொண்டு எழுதுவீர்கள்: புழுவெட்டில் திரும்ப வருகிற முதல் முடி பெரும்பாலும் வெள்ளையாக, குழந்தை முடிபோல மெலிதாக இருக்கும். நிறம் பிந்தித்தான் வரும். பாட்டி பார்த்துவிட்டு “இந்த வயதில் நரையா?” என்று கேட்பதற்கு முன் அவளிடம் சொல்லிவையுங்கள், பாட்டியிடமும் சொல்லிவையுங்கள். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். சடைக்குள் அடங்குகிற நீளம் வரும்வரை அது குத்திட்டு நிற்கும். கறுப்பு ஹேர்பின் ஓர் அட்டை வாங்கி அவள் மேசையில் வைத்துவிடுங்கள்.